ரோமாபுரியில் சொன்ன பெயர்

ஜூலை 2, புதன்

இந்த டைரியை எழுதச் சொன்னவள் ரெஜினா. என் வீட்டுக்காரருக்கு உடற்பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வருகிற பெண். "அக்கா, தினம் என்ன பண்ணாரு, எத்தனை தடவை பண்ணாருன்னு எழுதி வைங்க. ஆகஸ்ட் இருபது டாக்டர்கிட்ட போறப்ப நாம வாயால சொல்றத விட நோட்டு சொல்லட்டும்" என்றாள். போன வருஷம் மளிகைக் கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. கிழமையை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். இவர் சினிமாவில் லைட்மேன். டிசம்பரில் ஒரு படப்பிடிப்பில், செட்டுக்கு மேலே விளக்குக் கட்டும் பரணிலிருந்து விழுந்து வலது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது என்கிறது எக்ஸ்ரே. படுத்தபடி காலை மடக்குகிறார், நீட்டுகிறார். நிற்க மட்டும் மாட்டேன் என்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே மருந்து ஒண்ணும் இல்லம்மா. ஆகஸ்டுக்குள்ள அவரா காலை ஊணி நிக்கணும். இல்லேன்னா தசை சூம்பிடும். அப்புறம் அவரே ஆசைப்பட்டாலும் கால் கேக்காது" என்றார். ஆக, ஏழு வாரம் இருக்கிறது. நிற்க வைக்காமல் விடுவதாக இல்லை.

ரெஜினா ஒரு படிவத்தை எடுத்து, "அண்ணன் பேர் என்னக்கா?" என்று கேட்டாள். ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். பார்த்து எழுதிக்கொண்டாள்.

கால் மடக்கியது: இருபது. நின்றது: இல்லை.

ஜூலை 4, வெள்ளி

காலையில் சண்டை. வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, "சும்மா பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றேன். "என்னைய மறுபடியும் கீழ தள்ளிப் பாக்கணும்னு ஆசையா ஒனக்கு?" என்று கையால் தள்ளிவிட்டார். வாக்கர் போய் பீரோவில் மோதி விழுந்தது. பீரோக் கண்ணாடி தப்பியது ஆண்டவன் புண்ணியம். நான் தட்டில் இட்லியை வைத்து மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

என் வேலையைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். நான் குரூப் டப்பிங் பேசுகிறவள். படத்தில் கதாநாயகிக்குப் பேசுகிறவர்கள் வேறு. சந்தை, கல்யாணம், கலவரம், சாவு என்று எங்கே கூட்டம் வந்தாலும் அந்தக் கூட்டத்தின் சத்தம் நாங்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கத்துகிறேன். என் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை, வரவும் வேண்டாம்.

இன்றைக்கு ரோமாபுரிப் படம். தமிழில் 'கழுகுக் கொடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூன்று மணி பத்து நிமிஷம். தளபதியாக இருந்த வேரஸ் என்பவனை அடிமையாக்கி அரங்கத்தில் வாள்சண்டைக்கு விடுகிறார்கள். சுற்றி நாற்பதாயிரம் ஜனம். அந்த நாற்பதாயிரத்துக்கும் நாங்கள் பதினோரு பேர். மைக்குக்கு முன்னால் நின்று ஒரு தடவை, சுவரைப் பார்த்துத் திரும்பி ஒரு தடவை, கதவோரம் போய் ஒரு தடவை என்று கத்துவோம். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் ஊரே கத்துகிற மாதிரி ஆகிவிடும்.

ஆரம்பிக்குமுன் ஜனார்த்தனன் சார் வழக்கமான பாடத்தை நடத்தினார். டப்பிங் பொறுப்பு அவர்தான். "வாயில வர்றதக் கத்தலாம். ஆனா ஆள் பேரு, ஊர் பேரு, சாமி பேரு கூடாது. போன வருஷம் பனிமலையில வெள்ளைக்காரன் ஓடுறான், பின்னாடி எவனோ 'ஆத்தா மகமாயி'ன்னு கத்தி வச்சிருக்கான். மானம் போச்சு!" எல்லோரும் சிரித்தோம்.

நாயகன் அடிபட்டு மண்ணில் குப்புற விழுகிற கட்டத்தில் கொஞ்சம் அதிகமாகக் கத்திவிட்டேன் போலிருக்கிறது. தொண்டை கட்டிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் இன்ஜினியர் அல்போன்ஸ் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

கால் மடக்கியது: தெரியாது. நான் வீட்டில் இல்லை. நின்றது: இல்லை.

ஜூலை 5, சனி

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு. குரல் வரவில்லை. இவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 14, திங்கள்

ரெஜினா கெட்டிக்காரி. "அண்ணா, நிக்க வேணாம். கட்டில் ஓரத்துல உக்காந்து காலைத் தரையில வைங்க, போதும்" என்றாள். வைத்தார். பாதம் தரையில் பட்டதும் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. பரண்மேல் பூனை மாதிரி நடந்த மனுஷர், தரையைத் தொடப் பயப்படுகிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டேன். அது உபயோகப்படும்.

உட்கார்ந்தது: பத்து நிமிஷம். நின்றது: இல்லை.

ஜூலை 25, வெள்ளி

படம் வெளிவந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. எத்தனை படத்துக்குக் கத்துகிறோம், எல்லாவற்றையும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கரண்ட் ஆபீஸ் வரை ஆட்டோவில் போனேன். டிரைவர் காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்திருந்தார். "படமாம்மா அது! மூணு மணி நேரம் மண்ணும் ரத்தமும். கடைசியில ராஜா சிம்மாசனத்துல உக்காருடான்னா வேணாம்னு வயக்காட்டுக்குப் போறான், கேணப்பய!" என்றார். சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அவன்தான்யா மனுஷன்! ஒனக்கெல்லாம் குத்துப்பாட்டு இருந்தாத்தான் படம்" என்றார். பச்சை விழுந்தும் இரண்டு பேரும் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளவேண்டியதாகிவிட்டது.

உட்கார்ந்தது: இருபது நிமிஷம். நின்றது: இல்லை.

ஜூலை 26, சனி

திருச்சியில் நர்சிங் படிக்கிற மகள் வினோதினி காலையில் போன் செய்தாள். எடுத்ததுமே சிரிப்பு.

"ம்மா, 'கழுகுக் கொடி'க்கு நீதான குரூப் பேசுன?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஹாஸ்டல் பூரா ஒரே பேச்சும்மா. அந்த வீரன் விழுந்தவுடனே கூட்டம் அப்படியே கப்சிப்னு ஆயிடுது. அந்த நேரத்துல ஒரு பொம்பளக் குரல் மட்டும் தனியா, 'எந்திரிய்யா சீனிச்சாமி!'ன்னு கத்துது. ரோமாபுரியில!"

அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

பிறகு அவள் அனுப்பிய துண்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். நாயகன் விழுகிறான். நாற்பதாயிரம் பேரும் மூச்சடக்கிவிடுகிறார்கள். அந்த அமைதிக்கு நடுவில் அந்தக் குரல். அடுத்த நொடி அவன் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கிறான். என்னமோ அந்தக் குரல் கேட்டுத்தான் எழுந்த மாதிரி இருக்கிறது.

எங்களில் யாரோ கத்தியிருக்கிறார்கள். பதினோரு பேர் இருந்தோம்.

நின்றது: இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஊர் இரண்டாகிவிட்டது. போனைத் திறந்தால் இதே பேச்சு. ஒருத்தன் எழுதுகிறான்: "கோடி கோடியாக் கொட்டி ரோமாபுரியைக் கட்டுனா, தமிழ்ல ஒரு கத்தல்ல தேனி மாவட்டமா ஆக்கிட்டாங்க." இன்னொருத்தி: "மூன்று மணி நேரத்தில் உயிருள்ள ஒரே வசனம் அதுதான்." ஒரு ரிட்டயர்டு சரித்திர ஆசிரியர் பதினைந்து நிமிஷம் பேசிப் போட்டிருக்கிறார். ரோமாபுரிச் சந்தையில் தக்காளி காட்டுகிறார்களாம், அந்தக் காலத்தில் தக்காளியே அங்கே கிடையாதாம், அதைக் கேட்க நாதியில்லாமல் ஒரு சீனிச்சாமியைப் பிடித்துத் தொங்குகிறீர்களே என்று அவருக்கு ஆத்திரம். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

கீழே டீக்கடையில் இரண்டு கட்சி. மாஸ்டர் பால் ஆற்றிக்கொண்டே, "டப்பிங்காரங்க குடிச்சிட்டுக் கத்திருக்கானுங்க" என்றார். கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர், "எனக்கு நெஞ்சை அடைச்சிடுச்சுப்பா. அவன எவளோ ஒருத்தி பேர் சொல்லிக் கூப்பிடுறா. நாற்பதாயிரம் பேர்ல அவனுக்குன்னு ஒருத்தி இருக்கா" என்றார். நான் பார்சல் டீயை வாங்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டேன்.

நான் உள்ளே நுழைந்ததும் இவர் போனைக் கவிழ்த்து வைத்தார். காதில் இருந்த ஒயரையும் பிடுங்கிப் போட்டார். கிரிக்கெட் பார்த்தாராம்.

உட்கார்ந்தது: அரைமணி. நின்றது: இல்லை.

ஜூலை 30, புதன்

ஜனார்த்தனன் சார் எங்கள் பதினோரு பேரையும் வரச் சொன்னார். முகம் கடுகடுவென்று இருந்தது. "படக் கம்பெனியோட பம்பாய் ஆபீஸ்லேருந்து மெயில் மேல மெயில். அங்கயும் ரெண்டு கட்சி. வச்சுக்கலாங்கிறான் ஒருத்தன், வெட்டுங்கிறான் ஒருத்தன். அத விடுங்க. அந்தப் பேரை யார் சொன்னது? நேரா சொல்லிடுங்க. இல்லேன்னா கவனிக்காம மிக்ஸ் பண்ணதுக்கு அல்போன்ஸைத்தான் வீட்டுக்கு அனுப்பப் போறாங்க" என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அல்போன்ஸ் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவே இல்லை. அவன் சம்சாரம் எட்டு மாசம்.

நானும் பேசாமல்தான் வந்தேன். எனக்கே என்மேல் காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

முதல் பஸ்ஸுக்கே போய் ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ஜனார்த்தனன் சார் வண்டியை நிறுத்தியதும், "சார், நான்தான்" என்றேன்.

"நீயா? இருபத்திரண்டு வருஷ அனுபவம். புதுசா வந்த பிள்ளைங்க எவளோன்னு நெனச்சேனே. யாரும்மா அந்தச் சீனிச்சாமி?"

வாய் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் அவருக்கே புரிந்துவிட்டது. "லைட்மேன் சீனியா? ஒன் வீட்டுக்காரரா?" என்றார். தலையை ஆட்டினேன்.

டைரியிலும் இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் நான் சொன்னதில்லை. 'ஏங்க', 'இந்தாங்க', 'வினோதினி அப்பா' என்றே காலம் ஓடிவிட்டது. எங்கேயாவது கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன்.

டிசம்பரில் அவரை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது கண் மூடிக் கிடந்தார். நர்ஸம்மா, "பேர் சொல்லிக் கூப்பிடும்மா, கண்ணைத் திறப்பாரு" என்றார். நான் "ஏங்க, ஏங்க" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "பேரைச் சொல்லும்மா, இந்த வார்டுல எல்லாருமே ஏங்கதான்!" என்று அதட்டினார். அப்போதும் எனக்கு வரவில்லை. கடைசியில் அந்த நர்ஸம்மாவே கூப்பிட்டு எழுப்பினார். இவர் கண்ணைத் திறந்து முதலில் அந்த நர்ஸம்மாவைத்தான் பார்த்தார். அந்த ஒரு விஷயம் ஏழு மாசமாக என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அன்றைக்குக் கூப்பிடாததை ரோமாபுரியில் போய்க் கூப்பிட்டிருக்கிறேன். அதுவும் மரியாதை இல்லாமல், 'ய்யா' போட்டு.

வெளியே அல்போன்ஸ் நின்றான். "தம்பி, உன் வேலைக்கு ஆபத்து இல்ல. நான் சொல்லிட்டேன்" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "கவனிக்காம விட்டேன்னு நெனச்சீங்களா திலகாக்கா? அன்னைக்கே கேட்டுது. மிக்ஸிங்ல மூணு தடவை எடுத்துட்டு மூணு தடவை திரும்பப் போட்டேன். அது இல்லாம அந்த ஆளு எந்திரிக்கவே மாட்டேங்கிறான்க்கா" என்றான்.

எனக்குத் தண்டனை ஒரு மாசம் வேலை இல்லை. கூடவே, இணையத்தில் வெளியிடுகிற பிரதிக்காக அந்தக் கட்டத்தைப் புதிதாகப் பேசவேண்டும். பேர் இல்லாமல். பன்னிரண்டாம் தேதி. "கெடுத்தவளே வந்து சரி பண்ணு" என்றார் சார். கோபமாகச் சொல்லவில்லை.

நின்றது: இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"அந்தப் படத்தப் பாக்கணும்."

"எந்தப் படத்த?"

"ஊரே பாக்குதுல்ல, அந்தப் படத்த."

"எப்படிப் போவீங்களாம்? பதினேழு படி இறங்கணும்."

"தூக்கிட்டுப் போங்க. அதான் பொணமாட்டம் கெடக்கனே" என்றார்.

ஏழு மாசத்தில் அவராக ஒன்று வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. வாய் நிறைய எரிச்சலோடு கேட்டார். இருக்கட்டும். கேட்டாரே.

ஆகஸ்ட் 9, சனி

வினோதினி நேற்றே வந்துவிட்டாள். வீட்டு ஓனர், டீ மாஸ்டர், ஒரு ஆட்டோ டிரைவர் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கீழே வந்ததும், "இன்னொரு தடவை என்னைய இப்படித் தூக்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்றார். "அப்ப நடங்க" என்றேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

மதியக் காட்சி. நடைபாதையை ஒட்டிய இடத்தில் சக்கர நாற்காலியை நிறுத்த விட்டார்கள். நான் பக்கத்து இருக்கை. படம் ஆரம்பித்துக் கால்மணி நேரத்தில் ஆரம்பித்துவிட்டார். "தீப்பந்த வெளிச்சம்னு சொல்றான், செவுத்துல நிழல் ஆடாம நிக்குது பாரு. தீ ஆடுனா நிழலும் ஆடணும்ல? முன்னாடி ஒரு ஆளை ஒக்கார வச்சு அட்டையை ஆட்டச் சொல்லிருக்கணும்." வினோதினி "உஷ்ஷு" என்றாள். டிசம்பருக்குப் பிறகு இவர் விளக்கைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அரங்கச் சண்டை வந்தது. தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகவே வந்திருக்கிறார்கள். நாயகன் விழுந்தான். திரையில் கூட்டம் அடங்கியது. என் குரல் வரவும், பின் வரிசையில் ஐம்பது அறுபது பேர் கூடச் சேர்ந்து, "எந்திரிய்யா சீனிச்சாமி!" என்று கத்தினார்கள். ஒரே விசில். முன்னாலிருந்து ஒருத்தர், "மூடிட்டுப் பாருங்கடா, சீரியஸ் படத்த நாசம் பண்றீங்க!" என்று எழுந்து சத்தம் போட்டார். "நீ மூடுய்யா!" என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல். இவருக்கு இரண்டு பக்கமும் ஊர் சண்டை போடுகிறது. தகராறு என்னமோ இவர் பெயரை வைத்துத்தான்.

நான் திரும்பி இவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை. அந்த நேரத்தில் என் பாதத்தை நன்றாக மிதித்துவிட்டார். இடது சுண்டுவிரல் வீங்கிப்போய் இருக்கிறது. எனக்கு வலதுபுறம் உட்கார்ந்திருந்தால் இடது காலால் மிதித்திருப்பார். இவர் உட்கார்ந்திருந்தது எனக்கு இடதுபுறம். மிதித்தது அடிபட்ட வலது கால்.

வீட்டுக்கு வந்து, "படம் எப்படிப்பா?" என்று வினோதினி கேட்டாள். "நீளம். லைட்டிங் சுமார். ஆனா அந்தக் கடைசி, சிம்மாசனம் வேணாம்னு போனான் பாரு, அது சரிதான்" என்றார். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். நல்ல வலி. சந்தோஷமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரெஜினாவிடம் மிதித்த கதையைச் சொன்னேன். இவர் முன்னாலேயே சொன்னேன். அவள் விரலை அமுக்கிப் பார்த்து, "அண்ணா, இவ்ளோ பலமா ஊணியிருக்கீங்க! இந்த பலத்துக்கு ஒரு ஆள் நிக்கலாம்" என்றாள். இவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்றது: இல்லை. இன்னும் ஒன்பது நாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஸ்டூடியோவில் இருக்கவேண்டும். காலை எட்டுக்குச் சோற்றை வடித்து, ரசத்தை இறக்கிவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டேன். இவர் கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குத்தான் அழிக்கப் போறியா?" என்றார்.

"ஒங்களுக்கு யார் சொன்னது?" என்றேன்.

"எவன் சொல்லணும்? அழிக்கிற சேதி நீ வினோதினிகிட்டப் பேசுறப்பக் காதுல விழுந்துச்சு. கொரலை முத நாளே கேட்டேன் போன்ல. இருபத்தஞ்சு வருசமாக் கூட இருக்கேன், கொரல் தெரியாதா? நூறு தடவையாச்சும் கேட்டிருப்பேன். கட்டுன புருசன் பேரை வீட்டுல சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்பவும் சொன்னதில்ல. ரோமாபுரிக்காரனைப் பாத்துச் சொல்லியிருக்க."

"அவனைப் பாத்துச் சொல்லல" என்றேன். அழுதுவிட்டேன். "ஒங்களப் பாத்துத்தான். காலையில வாக்கரைத் தள்ளிவிட்டீங்க, மனசு ஆறல. அவன் மண்ணுல கெடந்தான். அது நீங்களாத் தெரிஞ்சுச்சு."

"அப்ப அங்க அழிக்கிறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவை சொல்லிட்டுப் போ. நேர்ல."

நின்றேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஏங்க…" என்றுதான் வந்தது. அவர் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "விடு. பஸ்ஸுக்கு நேரமாகுது, போ" என்று சாயப் போனார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஏழு மாசமாக மலம், மூத்திரம், மாத்திரை, மடக்கு, நீட்டு. ஊர் முழுக்க முன்பின் தெரியாதவன் எல்லாம் இவர் பெயரைக் கத்துகிறான். நான் ஒருத்தி மட்டும் கத்தக்கூடாதா? ஆயுசு குறையுமாம்! படுக்கையிலேயே கிடந்தால் மட்டும் கூடுமா? கையில் இருந்த டிபன் பையைத் தூக்கி மேஜையில் போட்டேன்.

"எந்திரிய்யா சீனிச்சாமி! எந்திரி! எனக்கு பஸ்ஸு போயிரும்!"

கீழ்வீட்டில் மிக்சி நின்றுவிட்டது. எனக்கே காது அடைத்துப்போனது.

அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். வலது கையால் பீரோப் பிடியைப் பிடித்தார். முகம் கோணியது. இடது காலை ஊன்றினார், அப்புறம் வலது. "ஒண்ணு" என்றேன். தொட வேண்டாம், தொட்டால் என்மேல் சாய்ந்துவிடுவார் என்று ரெஜினா சொல்லியிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ரெண்டு. மூணு." வலது முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. "விழுந்துருவேன் திலகா" என்றார். "விழுந்தா நான் இருக்கேன். நாலு. அஞ்சு." ஏழு எண்ணும்போது பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணுறதுக்கு என்னா அவசரம் ஒனக்கு? அஞ்சு எண்ணுற நேரத்துல ஏழு எண்ணிட்ட" என்று குறை சொன்னார்.

பஸ் போய்விட்டது. ஆட்டோவில் போனேன். புதிதாகப் பேசினோம். நாயகன் விழுந்ததும் எல்லோரும் அடங்கினோம், நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவன் தானாகவே எழுந்தான். அல்போன்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து உதட்டைப் பிதுக்கினான். "இருக்கட்டும் தம்பி, அவன் படம் அவனுக்கு" என்றேன்.

நின்றது: ஏழு எண்ணிக்கை.

ஆகஸ்ட் 13, புதன்

நின்றது: பதினொன்று. மெதுவாகத்தான் எண்ணினேன்.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் நாற்பது. சாயங்காலம் வாக்கரோடு சமையலறை வரை. வந்து நின்று, "உப்புப் போதாது" என்றார். சோற்றுக்கு உப்பில்லையாம், ஏழு மாசமாகச் சொல்லவில்லையாம். இனிமேல் தினமும் வந்து சொல்லப்போகிறாராம். நல்லாயிருக்கு நியாயம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வாக்கர், கைப்பிடிச் சுவர், ரெஜினா, நான். படி: நான்கு இறங்கி நான்கு ஏறினார். டீ மாஸ்டர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டப்பிங்காரர்கள் குடித்துவிட்டுக் கத்தினார்கள் என்று சொன்ன அதே மாஸ்டர். அவருக்கு இப்போது விஷயம் தெரியும். "அக்கா, எனக்கு அந்த சீன் முதல்லேருந்தே பிடிக்கும்க்கா" என்றார். போய்யா.

ஆகஸ்ட் 20, புதன்

பதினேழு படியும் இறங்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் தூக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செம கூட்டம். இவரை வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, வாக்கரைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "பேஷன்ட் பேர்?" என்றாள்.

வழக்கம்போலக் கார்டை எடுக்கப் பைக்குள் கை போனது. எடுத்தேன். அப்புறம் திரும்ப உள்ளேயே போட்டேன்.

"சீனிச்சாமி" என்றேன்.

"கேக்கலம்மா. சத்தமா."

குரல் விஷயத்தில் யாரிடம் சொல்கிறாள்! "சீனிச்சாமி!" என்றேன். ஹாலில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனை இடித்துச் சிரித்தான்.

"என்னா, கூப்பிட்டியா?" என்று பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது.

திரும்பினேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாக்கர் சுவரோரம் சாய்ந்தபடி இருந்தது. கை எதையும் பிடிக்கவில்லை.

"ஒங்களக் கூப்பிடல. சீட்டுக்குச் சொன்னேன்" என்றேன்.

"சரி, சரி" என்றார். உட்காரவில்லை. அப்படியே நின்று, இன்னும் எத்தனை பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நின்றது: ஆம். எண்ண மறந்துவிட்டேன்.